கண்புரையைப் பத்திரமாக எடுப்பது: பர்மாவில் கண் அறுவை கற்க வருபவர்களுக்கு

பர்மாவில் கண்புரை அறுவை கற்க வரும் இளம் டாக்டருக்குக் கிடைக்கும் கண், பாடப்புத்தகப் படத்தில் பார்த்த கண்ணாக இருக்காது. பெகூ பக்கத்து வயல் கிராமத்திலிருந்தோ, தட்டோன், மோல்மீன் பக்கமிருந்தோ பஸ் ஏறி வந்த ஒரு பெரியவருடைய கண்ணாக இருக்கும். மகளோ பேரனோ கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வருவார்கள். வயசானால் கண் மங்கத்தானே செய்யும் என்று வருஷக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டு, தட்டில் சோறு எங்கே இருக்கிறது என்று கையால் தடவும் நிலை வந்த பிறகுதான் கிளம்பியிருப்பார்கள். அதற்குள் புரை பழுப்பேறி இறுகியிருக்கும். இல்லாவிட்டால் முழுக்க வெளுத்து முற்றியிருக்கும். மெய்க்டிலா வட்டாரக் கிராமங்களில் நடந்த கண் ஆய்வும் பார்வை இழப்புக்கு முதல் காரணம் கண்புரைதான் என்றே காட்டியது.

அப்படிப்பட்ட கண்ணைத் தொடப்போகிற தமிழ் டாக்டர்களுக்கும், அறுவை அறையில் பக்கத்தில் நிற்கப்போகிற நர்ஸ்களுக்கும் இதை எழுதுகிறேன். மூத்த சர்ஜன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதற்கு இது மாற்று ஆகாது. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள உதவும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒரே விஷயம்: இந்த அறுவையில் கோளாறு கண்ணுக்குத் தெரியும் படி ஒன்று, அது பிறந்த படி வேறு. பெரும்பாலும் ஒன்றிரண்டு படி முன்னாலேயே பிறந்திருக்கும். அதனால் ஒவ்வொரு படியையும் அடுத்த படிக்காகச் செய்ய வேண்டும்.

எந்த முறையை முதலில் கற்பது

இன்று இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பேக்கோ. 1967இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் தொடங்கி வைத்தது. 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வழியாக ஊசி நுழைத்து, அல்ட்ராசவுண்டு அதிர்வில் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது. இன்னொன்று எஸ்ஐசிஎஸ், அதாவது சின்ன வெட்டு வழியாகக் கையால் எடுக்கும் முறை. வெள்விழியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு டனல் போட்டு, புரையின் கெட்டியான நடுப்பகுதியை, அதாவது நியூக்ளியஸை, முழுசாக வெளியே எடுப்பது. டனல் சரியாக அமைந்தால் தையல் தேவைப்படாது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமே அதை மூடிவிடும்.

ரங்கூனில் நல்ல மெஷின் உள்ள இடத்தில் பேக்கோ அருமையான முறைதான். ஆனாலும் இங்கே கற்கத் தொடங்குபவர் எஸ்ஐசிஎஸ்ஸை முதலில் நன்றாகக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கறுத்து இறுகிய புரையைப் பேக்கோவில் உடைக்க அதிக சக்தி செலவாகும், அந்தச் சூடும் அதிர்வும் கருவிழியின் உட்புற செல்களைத் தாக்கும். அந்தச் செல்கள் மறுபடி வளராது. எஸ்ஐசிஎஸ்ஸுக்கு மைக்ராஸ்கோப்பும் கைக்கருவிகளும் போதும். மின்சாரம் போனாலும் பேட்டரி வெளிச்சத்தில் முடிக்கலாம். நேபாளத்தில் சந்துக் ரூயித் குழுவினர் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்வை இரண்டிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. எஸ்ஐசிஎஸ் சீக்கிரமாகவும் குறைந்த செலவிலும் முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. பேக்கோ நடுவில் சிக்கலானால் வழியைப் பெரிதாக்கிக் கையால் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அந்தக் கை முன்பே பழகியிருக்க வேண்டும்.

பயிற்சியை ஆட்டுக்கண்ணில் தொடங்குங்கள். கறிக்கடையில் சொல்லி வைத்தால் காலையில் புதுக்கண் கிடைக்கும். டனல் போடப் பழக அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஆட்டு லென்ஸின் உறை தடித்து இழுபடும். வயதானவர் கண்ணின் உறை அப்படி நடந்துகொள்ளாது. மனிதக் கண்ணுக்கு வரும்போது கடைசிப் படிகளிலிருந்து கற்கத் தொடங்குவது நல்லது. முதலில் மூத்தவர் எல்லாம் முடித்த கண்ணில் விஸ்கோவை (உள்ளே இடம் சரியாமல் இருக்க விடும் கெட்டியான ஜெல்) கழுவி வெட்டை மூடுங்கள். அது பழகியதும் லென்ஸ் வைப்பது, பிறகு கார்டெக்ஸ் (நியூக்ளியஸைச் சுற்றியுள்ள மிருதுவான பகுதி) எடுப்பது, பிறகு டனல், உறை, கடைசியில் நியூக்ளியஸ். இப்படிக் கற்பவருக்கு, முந்தைய படி சரியாக இருந்தால் அடுத்த படி எவ்வளவு சுலபம் என்பது கையிலேயே பதிந்துவிடும்.

கண்ணைத் தேர்ந்தெடுப்பது

கற்கும் காலத்தில் எல்லாக் கண்ணையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர், கண்பாப்பா (கருவிழிக்குப் பின்னால் தெரியும் கறுப்புத் துளை) நன்றாக விரியாதவர், பாப்பா ஓரத்தில் வெள்ளை மாவுபோல் படிவு உள்ளவர், கண் ஆழமாகப் பதிந்திருப்பவர், அடிபட்ட கண், இவை மூத்தவருக்கு. மாவுபோன்ற அந்தப் படிவை லேசாக எண்ண வேண்டாம். அந்தக் கண்ணில் லென்ஸைத் தாங்கும் நூல்கள் தளர்ந்திருக்கும். நடுவில் லென்ஸே ஆடத் தொடங்கும்.

டார்ச் அடித்துப் பாப்பா சுருங்குகிறதா என்று பாருங்கள். நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் காட்டி எந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்லுங்கள். அதில் குழப்பம் இருந்தால் விழித்திரையிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். அறுவை செய்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மூக்கோரத்தில் கண்ணீர்ப் பையை விரலால் அழுத்துங்கள். சீழ் எதிர்த்து வந்தால் அந்தக் கண்ணில் அன்றைக்கு அறுவை கிடையாது. முதலில் அதற்கு வைத்தியம். கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்லாம் அன்று காலையும் பார்க்க வேண்டும். ஆண்களிடம் மூத்திரம் அடைப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள். அதில் டாம்சுலோசின் சாப்பிடுபவருக்கு ஐரிஸ் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம்) துவண்டு, எந்த வழி கிடைத்தாலும் வெளியே வரப் பார்க்கும். முன்கூட்டித் தெரிந்தால் சமாளிக்கலாம்.

லென்ஸ் பவர் கணக்கு இன்னொரு முக்கியமான இடம். கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் ஏறக்குறைய 2.5 டயாப்டர் பவர் மாறிவிடும். ஏ-ஸ்கேன் முனையைக் கருவிழி மேல் அழுத்தி வைத்தால் கண் குட்டையாகத் தெரியும். இரண்டு கண்ணையும் அளந்து, வித்தியாசம் அதிகமாக இருந்தால் திரும்ப அளங்கள்.

அன்று காலை

இங்கே வரும் பெண்கள் பலர் கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசிக்கொண்டே வருவார்கள். நம் தமிழ்ப் பெண்களும் அப்படித்தான். தனக்கா, விபூதி, குங்குமம், மை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொல்ல வேண்டும். காய்ந்த தனக்காத்தூள் இமைமுடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே நர்ஸ் தனியாகப் பார்க்க வேண்டும். வெற்றிலை போடுபவர் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வரட்டும். துணிக்கு அடியில் படுத்திருக்கும்போது ஒரு துணுக்குப் பாக்கு தொண்டையில் சிக்கி இருமினால், திறந்த கண்ணின் உள்ளழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

படுக்க வைக்கும் முன் நோயாளியிடம் அவர் பேசும் மொழியில் பேசுங்கள். ஆச்சிக்குத் தமிழ்தான் நன்றாக வரும் என்றால் தமிழில். "முகத்து மேல துணி போடுவோம், மூச்சு விட இடம் இருக்கும். இருமல் வந்தா, மூத்திரம் வந்தா வாயால சொல்லுங்க ஆச்சி, கைய மட்டும் தூக்காதீங்க." இவ்வளவுதான். இந்த நாலு வார்த்தை கேட்டவர் அசையாமல் படுத்திருப்பார். கேட்காதவர் பயத்தில் மூச்சை அடக்குவார். மூச்சை அடக்கினால் கண்ணின் பின்புறம் ரத்தம் தேங்கி, உள்ளே இருப்பதெல்லாம் முன்னால் தள்ளும்.

எந்தக் கண் என்று நெற்றியில் அடையாளம் போட்டு, பெயரையும் கண்ணையும் லென்ஸ் பவரையும் போர்டில் எழுதி, அறைக்குள் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆட்டோகிளேவ் செய்த தனிக் கருவிப் பெட்டி. ஒரே கருவியை மருந்தில் முக்கி அடுத்தவருக்கு எடுப்பது கூடவே கூடாது. கண்ணைக் கழுவும் ரிங்கர் திரவப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஏதாவது மிதந்தால் எறிந்துவிடுங்கள்.

கிருமியைத் தடுக்கும் படிகளில் தவறவே கூடாதது போவிடோன் அயோடின். தோலுக்கு 10 சதவீதம், இமைக்குள் கண்ணின் மேற்பரப்புக்கு 5 சதவீதம். கண்ணின் மேல் சொட்டாக விட்டு மூன்று நிமிஷம் இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம். வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று இதைச் சுருக்காதீர்கள்.

மரக்கச் செய்வது

கற்பவர்களுக்கு சப்-டெனான் முறையை நான் விரும்புகிறேன். கீழ் மூக்கோரத்தில் வெள்விழியை மூடியிருக்கும் கன்ஜங்டைவா, டெனான் என்ற இரண்டு சவ்வுகளையும் சின்னதாகக் கத்தரித்து, மொட்டை கேனுலா (மெல்லிய குழாய்) வழியாக மருந்து விடுவது. கூர் ஊசி இல்லாததால் கண்ணைக் குத்திவிடும் பயம் குறைவு. கிட்டப்பார்வையால் கண் நீண்டிருப்பவருக்கு இதுதான் ஏற்றது. கண்ணைச் சுற்றிப் போடும் பெரிபல்பார் ஊசி போடுவதானால் 25 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான ஊசி வேண்டாம். நோயாளி நேராகப் பார்க்கட்டும், மருந்தைத் தள்ளும் முன் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

போட்டபின் கண் சட்டென்று முன்னே தள்ளி, இமை இறுகி, ரத்தம் கட்டினால் அன்றைக்கு அறுவையைத் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடிய இமைமேல் சில நிமிஷம் விட்டு விட்டு மெல்ல அழுத்தம் கொடுத்துக் கண்ணை மிருதுவாக்குங்கள். பிறகு நியூக்ளியஸ் எடுக்கும்போது கண்ணாடிப் பசை (லென்ஸுக்குப் பின்னால் கண்ணை நிரப்பும் விட்ரியஸ்) முன்னே தள்ளுகிறதே என்று திணறினால், அதற்கான காரணத்தைப் பெரும்பாலும் இங்கேதான் தேட வேண்டும்.

டனல்

இந்த அறுவையின் பாதி இதுதான். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து உட்கார்ந்து செய்வதானால் மேல் தசைக்குக் கீழ் ஒரு நூல் போட்டுக் கண்ணைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். பக்கவாட்டில் காதுப்புறமாகவும் செய்யலாம். வயதானவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் சிலிண்டர் பவர் பலருக்கு அதில் குறையும். கன்ஜங்டைவாவை விலக்கி, ரத்தக்குழாய்களை லேசாகச் சுட்டுக்கொள்ளுங்கள். அதிகம் சுட்டால் வெள்விழி சுருங்கி வெட்டு சரியாக ஒட்டாது.

கருவிழி ஓரத்திலிருந்து 1.5 முதல் 2 மில்லிமீட்டர் பின்னால், வெள்விழியின் பாதித் தடிப்புக்கு வெளி வெட்டு. நேர்கோடாகவோ, இரண்டு முனையும் கருவிழியை விட்டு விலகிப் போகும் வளைவாகவோ போடலாம். வளைந்தது இன்னும் நன்றாக மூடும். அளவை புரையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்: சாதாரணப் புரைக்கு 6, இறுகிப் பழுத்ததற்கு 7. சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள்.

அப்புறம் கிரசெண்ட் கத்தி. வெள்விழிக்குள் கத்தியை நகர்த்தும்போது கத்தியின் நிழல் மேலே லேசாகத் தெரிய வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் மேலோட்டமாகப் போகிறீர்கள். மேல் மடல் ஓட்டையாகிவிடும். தெரியவே இல்லை என்றால் ஆழமாகப் போகிறீர்கள். திட்டமிட்ட இடத்துக்கு முன்பே கண்ணின் முன் அறைக்குள் (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவிலுள்ள இடம்) நுழைந்துவிடுவீர்கள், ஐரிஸ் வெளியே வரும். மடல் ஓட்டையானால் அதே இடத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். மறுமுனையிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆழத்தில் புதுத் தளம் பிடியுங்கள். முன்பே நுழைந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, வேறு இடத்தில் புது டனல் போட்டு, முடிவில் இதற்கு ஒரு தையல் போடுங்கள்.

கத்தி கருவிழிக்குள் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போக வேண்டும். கருவிழியின் வளைவு மேல்நோக்கி இருப்பதால் ஓரத்தைத் தாண்டும்போது கத்தி முனையையும் சற்று மேலே திருப்புங்கள். உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட அகலமாக, 8 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். வெளியே 7 இருக்கிறதே என்று திருப்திப்பட்டு உள்ளே 6 விட்டுவிட்டால் நியூக்ளியஸ் அங்கே மாட்டும்.

பக்கத்தில் 15 டிகிரி கத்தியால் சைடு போர்ட் (சின்னப் பக்கத் துளை) போட்டு விஸ்கோ நிரப்பிய பிறகே கெரட்டோம் கத்தியால் உள்ளே நுழையுங்கள். முனையைக் கீழே சாய்த்தால் கருவிழியில் ஒரு சின்னக் குழி விழும். அந்த இடத்தில் நுழையுங்கள். வழியை அகலப்படுத்தும்போது கத்தியை முன்னே தள்ளும்போது மட்டும் வெட்டுங்கள். வெளியே இழுக்கும்போது வெட்டினால் உள் உதடு கோணலாகி, கடைசியில் கசியும்.

உறையைத் திறப்பது

லென்ஸின் முன் உறை ஏறக்குறைய 14 மைக்ரான், பின் உறையின் நடுப்பகுதி 4 மைக்ரான். பத்திரமாக எடுப்பது என்றால் அந்த 4 மைக்ரான் கிழியாமல் எடுப்பதுதான்.

வெள்ளைப் புரையிலும் கறுத்த புரையிலும் முன் உறை கண்ணுக்குத் தெரியாது. முன் அறைக்குள் காற்றுக் குமிழ் விட்டு, அதன் அடியில் ட்ரைபேன் ப்ளூ சாயம் சில துளி விட்டு, கழுவிவிட்டு விஸ்கோ நிரப்புங்கள். நீலம் ஏறிய உறை தெளிவாகத் தெரியும்.

வட்டமாகக் கிழிப்பது ரெக்சிஸ். நடுவில் ஊசியால் ஒரு கீறல் போட்டு, மடலைத் திருப்பி விழச் செய்து, துணியை மடித்துப் பிடித்துக் கிழிப்பதுபோல மடிப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துப் பிடித்து நகர்த்துங்கள். எஸ்ஐசிஎஸ்ஸுக்கு 6 மில்லிமீட்டர் சுமார் வேண்டும். பேக்கோவில் பார்த்த 5 மில்லிமீட்டர் வட்டத்தை இங்கே போட்டால் பெரிய நியூக்ளியஸ் வெளியே வராது. வர வைக்க முயன்றால் நூல்கள் அறுந்து உறையோடு சேர்ந்து வரும். வட்டம் சிறிதாகிவிட்டால் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளுத்து ஊதிய புரையில் உள்ளே அழுத்தம் இருக்கும். முதல் கீறலிலேயே உறை இரண்டு பக்கமும் ஓரம் வரை ஓடிவிடலாம். இருபுறமும் நீலம், நடுவில் வெள்ளைப் பட்டை தெரியும். இதைத் தவிர்க்க, விஸ்கோவை நிறைய நிரப்பி உறையை மேலிருந்து தட்டையாக்கி, ஊசியால் உள்ளேயிருக்கும் திரவத்தை முதலில் உறிஞ்சிவிட்டுப் பிறகு கிழியுங்கள். கிழிசல் ஓரம் நோக்கி ஓடத் தொடங்கினால் உடனே நிறுத்தி, விஸ்கோ போட்டு, மீதியை ஊசியால் சின்னச் சின்னக் கீறல்களாக வட்டமிட்டு முடியுங்கள். கேன்-ஓப்பனர் என்று சொல்லும் அந்தப் பழைய முறையும் நல்ல முறைதான்.

நியூக்ளியஸை விடுவித்து வெளியே எடுப்பது

முன் உறையின் ஓரத்தைக் கேனுலாவால் சற்றுத் தூக்கி, திரவத்தை மெதுவாகச் செலுத்துங்கள். அலை ஒன்று நியூக்ளியஸுக்கு அடியில் ஓடுவது தெரியும். வெள்ளைப் புரையில் தெரியாது. நியூக்ளியஸை மெல்ல அழுத்தித் தேங்கிய திரவத்தை வெளியேற்றிவிட்டு மறுபடி கொஞ்சம் விடுங்கள். ஒரேயடியாகத் தள்ளினால் திரவம் பின்னால் மாட்டிக்கொண்டு பின் உறையை வெடிக்க வைக்கும். நடுவில் பின்பக்கம் வட்டமாக வெள்ளைத் தகடு ஒட்டியிருக்கும் புரையில் இந்தப் படியையே செய்யக்கூடாது. அங்கே பின் உறை பலவீனமாகவோ ஓட்டையாகவோ இருக்கலாம். அதுவும் மூத்தவருக்கான கண்.

நியூக்ளியஸ் சுழன்றால் விடுபட்டது என்று அர்த்தம். ஹுக்கால் அதன் ஒரு விளிம்பை உறைக்கு மேலே தூக்கி, சக்கரத்தைத் திருப்புவதைப் போன்ற அசைவில் முன் அறைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு விஸ்கோ. நியூக்ளியஸுக்கு மேலே ஒரு அடுக்கு, கருவிழிக்காக. கீழே ஒரு அடுக்கு, பின் உறைக்காக. விஸ்கோவில் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

வெளியே எடுக்கப் பல வழிகள் உண்டு. தண்ணீர் வரும் வெக்டிஸை (வளையக் கரண்டி போன்ற கருவி) அடியில் நுழைத்து இழுப்பது பரவலானது. நேபாளத்தின் லகானில் ஆல்பிரெக்ட் ஹென்னிக் உருவாக்கிய மீன்தூண்டில் முறையில், சாதாரண 30 கேஜ் ஊசியின் முனையை வளைத்து நியூக்ளியஸில் அடியிலிருந்து மாட்டி இழுப்பார்கள். உங்களுக்குக் கற்பிப்பவர் எதில் தேர்ந்தவரோ அதையே கற்றுக்கொள்ளுங்கள்.

வெக்டிஸ் முறையில், உள்ளே விட்டதும் ஐரிஸ் நடுவில் மாட்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். தண்ணீரைத் திறந்து, வெக்டிஸைக் கீழ்நோக்கி அழுத்தி டனலின் பின் உதட்டைத் திறந்தபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். நீரழுத்தம்தான் நியூக்ளியஸைத் தள்ள வேண்டும். கருவியை மேல்நோக்கித் தூக்கினால் நியூக்ளியஸ் கருவிழியின் உட்புறத்தில் உரசும். மறுநாள் கருவிழி வெளிறி நிற்கும்.

மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். நியூக்ளியஸை உள்ளே விட்டு, வெக்டிஸை வெளியே எடுத்து, விஸ்கோ போட்டு, டனலின் உள்வாயை ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தி மறுபடி வாருங்கள். கொஞ்சம் சிலிண்டர் கூடும், கண்ணாடியில் சரியாகிவிடும்.

கார்டெக்ஸும் லென்ஸும்

திரவம் விட்டு உறிஞ்சும் சிம்கோ கேனுலாவின் துளை எப்போதும் மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன் உறைக்கு அடியில் போய் கார்டெக்ஸைப் பிடித்து நடுவுக்கு இழுத்து, அங்கே உறிஞ்சுங்கள். டனலுக்கு நேர் அடியில் இருப்பதைக் கடைசியில், முடிந்தால் சைடு போர்ட் வழியாக எடுங்கள். உறிஞ்சும்போது பின் உறையில் துளையைச் சுற்றி நட்சத்திரக் கோடுகள் தெரிந்தால் உறையையே பிடித்துவிட்டீர்கள். கையை அசைக்காமல் உறிஞ்சலை நிறுத்தி, திரவத்தைத் திருப்பித் தள்ளி விடுவியுங்கள். பிடிவாதமாக ஒட்டிய ஒரு துணுக்கு கார்டெக்ஸை விட்டுவிடலாம், மருந்தில் கரையும்.

1949 நவம்பர் 29இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் பாய்ந்த பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகளைக் கண் சகித்துக்கொண்டதைக் கவனித்துத்தான் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார். எஸ்ஐசிஎஸ்ஸில் நாம் வைக்கும் கெட்டி லென்ஸ் இன்றும் அதே வகைப் பொருள். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் இதைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஏழை நாடுகளில் லென்ஸ் வைக்காமல் தடித்த கண்ணாடியோடு அனுப்பும் வழக்கம் குறைந்தது.

பவரை மறுபடி உரக்கப் படிக்கச் சொல்லி, விஸ்கோ நிரப்பி, லென்ஸின் முன் கால் (அதைத் தாங்கும் வளைந்த கம்பி) உறைக்கு அடியில் போகிறதா என்று கண்ணால் பார்த்து, பின் காலைச் சுழற்றி உள்ளே இறக்குங்கள். பிறகு விஸ்கோவை லென்ஸுக்குப் பின்னாலிருந்தும் கழுவி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அன்று ராத்திரியே கண் அழுத்தம் ஏறி, நோயாளி தலைவலியும் வாந்தியுமாக இருப்பார்.

உறை கிழிந்தால்

எல்லாருக்கும் என்றாவது கிழியும். எப்படித் தெரியும்? முன் அறை திடீரென்று ஆழமாகும். பாப்பா ஒரு நொடி விரிந்து சுருங்கும். நியூக்ளியஸ் சாயும், அல்லது உங்கள் கருவி சொன்னபடி வராது. அப்போது கை செய்யத் துடிக்கும் காரியம், கருவியைச் சட்டென்று வெளியே எடுப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. எடுத்த நொடியில் அறை சரிந்து, கண்ணாடிப் பசை முன்னே பாய்ந்து, சின்னக் கிழிசல் பெரிதாகும். கருவியை அப்படியே வைத்து, தண்ணீரை நிறுத்தி, சைடு போர்ட் வழியாக இன்னொரு கையால் விஸ்கோ நிரப்பி, அப்புறம் எடுங்கள். மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

முன்னால் வந்த பசையை இழுக்கக்கூடாது. அது விழித்திரையோடு ஒட்டியிருக்கிறது. வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி கருவியால் மட்டும். ட்ரையம்சினோலோன் கொஞ்சம் விட்டால் பசை வெள்ளையாகத் தெரியும். முன் உறையின் வளையம் முழுசாக இருந்தால் லென்ஸை அதன் மேல் உட்காரவைக்கலாம், பவரை அரையிலிருந்து ஒரு டயாப்டர் வரை குறைத்து. வளையம் நம்பும்படி இல்லாவிட்டால் லென்ஸ் வைக்காமல் மூடி, பிறகு வைக்கலாம். நியூக்ளியஸ் பின்னால் விழுந்துவிட்டால் துரத்தாதீர்கள். முன்னால் சுத்தம் செய்து, தையல் போட்டு மூடி, ரங்கூனிலோ மாந்தளையிலோ உள்ள விழித்திரை சர்ஜனிடம் அனுப்புங்கள். போகும்போதே நடந்ததை எழுதிக் கொடுங்கள், வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். நேரத்தில் போனால் அந்தக் கண்ணுக்கும் நல்ல பார்வை வரும்.

அரிதாக, நடுவில் கண் கல்லாக இறுகி, நோயாளி வலியில் துடித்து, பாப்பாவின் சிவப்பு ஒளி கறுத்துப் போகும். பின்னால் ரத்தம் கசிகிறது. அந்த நொடியே வெட்டை மூட வேண்டும், தையல் எடுப்பதற்குள் விரலால் அழுத்தியாவது.

மூடுவதும் அதற்குப் பிறகும்

சைடு போர்ட்டின் ஓரங்களில் திரவம் செலுத்தி ஊதவைத்து, கண்ணுக்குள் 0.1 மில்லி மாக்சிஃப்ளாக்சசின் விட்டு, ஸ்பாஞ்சால் டனல் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். கசிந்தால் 10-0 நைலான் தையல் ஒன்று போடுங்கள். கசியும் வெட்டோடு கிராமத்துக்கு அனுப்புவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது.

மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்வையும் கருவிழியும் அழுத்தமும் பார்த்து, சொட்டு மருந்தைத் தொடங்குங்கள். ஸ்டீராய்டு சொட்டை நாலு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீட்டில் யார் சொட்டு விடப்போகிறாரோ அவரை அங்கேயே ஒரு தடவை விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியது: முதல் சில வாரம் தலைக்கு ஊற்றும்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாது, முகத்தைத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். தனக்கா இமைப்பக்கம் வேண்டாம். கோயிலில் விபூதியை நெற்றியில் வைத்துவிடச் சொல்லலாம், பூசாரி மேலிருந்து தூவக்கூடாது. பூக்குழிக்குப் பக்கத்தில் புகையும் சாம்பலும் பறக்கும், அந்த வருஷம் தூரத்திலிருந்து கும்பிடட்டும். ஏப்ரல் நடுவில் திஞ்ஞான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வருகிறது. தெருவில் யார் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், அதுவும் குளத்துத் தண்ணீராகவும் இருக்கும். அவசரமில்லாத கண்ணை மார்ச் கடைசியில் எடுக்காமல் திருவிழா முடிந்து எடுப்பதே நல்லது.

இன்னொன்றை மூன்று தடவை சொல்லி, திருப்பிச் சொல்லவும் வையுங்கள்: வலி வந்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ, கண் சிவந்து பீளை கட்டினாலோ அன்றைக்கே கிளம்பி வர வேண்டும். அறுவை முடிந்த முதல் வாரத்தில் இப்படி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை கண்ணுக்குள் கிருமி என்றே எடுத்துக்கொண்டு, அதே நாளில் கண்ணுக்குள் மருந்து ஊசி போடும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். சொட்டு மருந்தைக் கூட்டிக்கொடுத்து நாளைக்கு வா என்று சொல்வதில் கண் போய்விடும்.

ஆறு வாரம் கழித்து வரும்போது கண்ணாடி அளவு பார்த்து எழுதிக் கொடுத்து, அன்றைய பார்வையை அறுவைப் பதிவேட்டில் அந்தக் கண்ணுக்கு எதிரே குறித்துவிடுங்கள். எந்தப் படியில் உங்கள் கை தடுமாறுகிறது என்று அந்தப் பதிவேடுதான் காட்டும். மாதங்களோ வருஷங்களோ கழித்துப் பின் உறை மங்கினால் யாக் லேசரில் சில நிமிஷத்தில் சரியாகும், புரை திரும்பி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். இரண்டாவது கண்ணுக்கும் அதே நாளில் தேதி குறித்துக் கொடுங்கள். ஒரு கண் தெரிந்ததும் போதும் என்று வயல் வேலைக்குப் போய்விடுபவர்கள் நிறையப் பேர்.